டொராண்டோவில் விளிக்காத கல்யாணம்

பெமிலா அழுதுகொண்டு வந்திருந்தால்கூட பெனிஷுக்குக் கொஞ்சம் ஆசுவாசமாக இருந்திருக்கும். அவளோ ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு மாடிப்படி ஏறி வந்தாள். வந்ததும் அதை அவன் கையில்தான் கொடுத்தாள்.

"பெனிஷ் அண்ணன் இங்க இருக்கதுனாலதான் தைரியமா வந்தேன்" என்றாள்.

பெனிஷ் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அவள் எதற்காக வந்திருக்கிறாள் என்று வாய் திறக்கும் முன்பே அவனுக்குத் தெரியும். இருவரும் ஒரே சபை. நடந்தது சபை முழுக்கத் தெரிந்த கதை. அந்தக் கதைக்குக் கதவைத் திறந்துவிட்டதே அவன்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அஸ்வதிக்கும் தெரியாது என்று அவன் நம்பிக்கொண்டிருந்தான்.

அஸ்வதி வடசேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். நாகர்கோவிலில் துப்பறிவது என்றால் முக்கால்வாசி மாப்பிள்ளை விசாரிப்பதுதான். பையன் குடிப்பானா, துபாயில் சொன்ன வேலையில்தான் இருக்கிறானா, ஏற்கெனவே எங்காவது மோதிரம் மாற்றியிருக்கிறானா. அதில் வண்டி ஓட்டுவதும், ஊராரைச் சிரிக்கவைத்து வாயைப் பிடுங்குவதும் பெனிஷின் பங்கு. குவைத்தில் ஒட்டகமே பார்க்காமல் ஆறு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்று தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்வான். இன்று அந்த வாய் பூட்டிக்கொண்டிருந்தது.

பெமிலா சொன்னாள். அடுத்த வியாழக்கிழமை அவளுக்குக் கல்யாணம். அப்பா யேசுரத்தினம், திங்கள்நகர் பக்கம் ரிட்டயர்டு தலைமையாசிரியர். கல்யாணம் விளிப்பது, அதாவது கல்யாணத்துக்கு அழைப்பது என்றால் அவர் வழியில் ஒரே முறைதான் உண்டு. குடும்பத்துக்கு மூத்தவர் நேரில் போய், வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டு, உள்ளே ஏறி, ஒரு வாய் தண்ணீராவது குடித்துவிட்டு, "வந்து நடத்தித் தரணும்" என்று சொல்ல வேண்டும். அட்டையைத் தபாலில் போட்டால் அது விளி ஆகாது. போனில் அனுப்பினால் அது அவமானம். ஆனால் இப்போது உறவுகள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம். அவருடைய அக்கா நேசம்மாள் மெல்பர்னில். தம்பி லண்டனில். செத்துப்போன மனைவியின் உடன்பிறந்தவன் சுந்தர்சிங் டொராண்டோவில்.

அதற்கென்ன, உலகத்தைச் சுற்றி விளித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியிருக்கிறார் மனிதர். உலகத்தை ஒரு சுற்றுச் சுற்ற ஒரே டிக்கெட் உண்டாம். திருவனந்தபுரத்தில் ஏறி சிங்கப்பூர், மெல்பர்ன், லாஸ் ஏஞ்சல்ஸ், டொராண்டோ, லண்டன், மறுபடி திருவனந்தபுரம். லாஸ் ஏஞ்சல்ஸ் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. அங்கே கவுன்டரில் டிக்கெட்டைப் பார்த்தால் டொராண்டோவே இல்லை. நேராக லண்டன் என்று இருந்தது. யாரோ நடுவில் புகுந்து அந்த ஊரை வெட்டியிருக்கிறார்கள். அப்பா லண்டன் போய், தம்பியை விளித்துவிட்டு, வாடிய முகத்தோடு வீடு வந்து சேர்ந்தார்.

இப்போது சுந்தர்சிங் மாமா ஒற்றைக் காலில் நிற்கிறார். மெல்பர்னுக்கும் லண்டனுக்கும் போனவருக்கு என் வீட்டு வாசல் மட்டும் தெரியவில்லையா, விளிக்காத கல்யாணத்துக்கு நான் எந்த முகத்தோடு வருவேன் என்று தினமும் போனில் கேட்கிறார்.

"எனக்கு அம்மை இல்ல அக்கா" என்றாள் பெமிலா அஸ்வதியிடம். "சர்ச் நடையில என் கையப் பிடிச்சு ஏத்திவிட அம்மை வீட்டுல இந்த ஒரு மாமாதான் மிச்சம். வெட்டினது ஆருன்னு கண்டுபிடிச்சுத் தாங்க. அப்பா வெட்டல்லன்னு தெரிஞ்சா மாமா வந்திருவாரு."

அவள் போன பிறகு அஸ்வதி ஒரு பழத்தை உரித்தாள்.

"நீ தின்னல்லியா பெனிஷு?"

"வயிறு செரியில்ல."

"வாயும் செரியில்ல போல. அந்தப் பிள்ள வந்து போற வரைக்கும் ஒரு நக்கல்கூட வரல்ல."

*

டிக்கெட் போட்டது திங்கள்நகரில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜெபிஷ். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த அறை, சுவர் நிறைய விமானப் படம். பழியெல்லாம் தன் தலையில் விழுந்துவிடுமோ என்று பயந்து போயிருந்ததால் கேட்காததற்கும் பதில் சொன்னான்.

இந்தச் சுற்று டிக்கெட்டுக்கு என்று சில சட்டங்கள் உண்டாம். கிழக்கே பார்த்துப் புறப்பட்டால் கிழக்கே பார்த்தே வீடு சேர வேண்டும். கடலைத் தாண்டியபின் பின்னால் திரும்ப முடியாது. ஆகவே லண்டன் போய்விட்டவர் மறுபடி டொராண்டோவுக்கு அதே டிக்கெட்டில் போக வழியில்லை. தேதியை எத்தனை தடவை வேண்டுமானாலும் தள்ளிக்கொள்ளலாம். ஊரை எடுக்க வேண்டுமானால் டிக்கெட்டையே திருப்பி எழுத வேண்டும், கட்டணம் உண்டு. நடுவில் ஒரு துண்டுப் பயணத்தில் சொல்லாமல் ஏறாமல் விட்டால் அதற்குப் பிறகுள்ள துண்டுகள் எல்லாம் தானாகச் செத்துப்போகும்.

"அப்போ வெட்டினவருக்கு இந்தச் சட்டம் தெரிஞ்சிருக்கு" என்றாள் அஸ்வதி. "வெட்டிப்போட்டுச் சும்மா போகல்ல. லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் லண்டனுக்கும் நடுவுல பாலமும் போட்டிருக்கு."

ஜெபிஷ் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். விமானக் கம்பெனிக்கு யாரோ போன் செய்து, நான்தான் யேசுரத்தினம் என்று சொல்லி மாற்றியிருக்கிறார்கள். யார் பேசினார்கள், யார் பணம் கட்டினார்கள் என்பதைக் கம்பெனி சொல்லாது. மாற்றிய பயணம் மட்டும் திரையில் இருந்தது. அதில் நடைபாதையோரத்து சீட். சர்க்கரை நோயாளிக்கு உள்ள சாப்பாடு. வீல்சேர்.

"இதெல்லாம் பழைய டிக்கெட்டுல உண்டா?"

"சீட்டும் சாப்பாடும் நான் போட்டதுதான். அதைப் பாத்து அப்படியே புதுசுலயும் கேட்டு வாங்கியிருக்காவ. வீல்சேர் நான் போடல்ல. சாரு நல்லா நடக்க மனுசன்தானே. கேட்டா அடிப்பாரு."

பெனிஷால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஆளைக் கெடுக்க வந்தவனுக்கு இவ்வளவு பாசமா? எனக்கெல்லாம் ஒரு விரோதி இப்படி அமையல்ல அக்கா. குவைத்துல என் மேனேஜரு நான் சாப்பிட்டேனான்னுகூடக் கேட்டதில்ல."

அஸ்வதி சிரித்தாள். ஜெபிஷ் சிரிக்கவில்லை. அவன் பெனிஷை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியில் மாற்றுவதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று அஸ்வதி கேட்டாள். பேரும் டிக்கெட்டில் உள்ள ஆறெழுத்தும் போதும் என்றான் ஜெபிஷ். அந்த ஆறெழுத்து யாருக்கெல்லாம் தெரியும் என்று அவள் கேட்டதும் பெனிஷின் காதுமடல் சூடாகிவிட்டது.

"ஆருக்குத் தெரியாதுன்னு கேளுங்க" என்றான் ஜெபிஷ். தன் போனை எடுத்து மேஜையில் தள்ளினான். வாட்ஸப்பில் சபையின் ஜெபக்குழு. 'நமது சபை மூத்த அங்கத்தினர் யேசுரத்தினம் சார் உலகப் பயணம் புறப்படுகிறார். பாதுகாப்பான பிரயாணத்துக்காக ஊக்கமாய் ஜெபிக்கவும்.' கீழே டிக்கெட்டின் முழுப் படம், ஓர் எழுத்து மறையாமல். மேலே அனுப்பியவர் பேர்: பெனிஷ்.

குழுவில் ஊர்க்காரர் மட்டுமா இருக்கிறார்கள். மஸ்கட்டில் இருக்கிறவர், பெங்களூரில் இருக்கிறவர், சபையைவிட்டு முப்பது வருடம் முன்பே போனவர் என்று ஒரு பெரும் கூட்டம்.

அஸ்வதி படத்தைப் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் பெனிஷ் பதிலுக்கு ஏதாவது உளறித் தப்பித்திருப்பான். அவள் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, யேசுரத்தினம் வீட்டுக்கு விடு என்றாள். அவ்வளவுதான்.

பாதி வழியில் அவனே வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"படம் போட்டு ஒரு வாரம் கழிச்சே தப்புன்னு தோணிச்சு அக்கா. எடுத்திருக்கலாம். எடுத்தா நான் போட்டது தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருமேன்னு விட்டுட்டேன்."

"செரி. அத நீ பெமிலாட்ட சொல்லணும். என்கிட்ட இல்ல" என்றாள் அஸ்வதி. "இப்போ வண்டிய எடு."

*

யேசுரத்தினம் சார் முன்னறையில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மரியாதைக்காரர், யார் வந்தாலும் எழுந்து நிற்பவர் என்று ஊரில் பேர். இன்று எழவில்லை. கையை மட்டும் கூப்பினார். பந்தல்காரர்கள் முற்றத்தில் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில்.

அஸ்வதி பெமிலாவிடம் மாமாவை வீடியோவில் கூப்பிடச் சொன்னாள். அங்கே இப்போது நடுராத்திரியாக இருக்குமே என்று பெமிலா தயங்கினாள். பரவாயில்லை, கூப்பிடு என்றாள் அஸ்வதி.

முதல் மணியிலேயே சுந்தர்சிங் எடுத்தார். கழுத்துவரை மூடிய தடித்த ஸ்வெட்டர், தலையில் குரங்குத்தொப்பி. பின்னால் ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தது.

தூங்கவில்லையா மாமா என்று பெமிலா கேட்டாள். தூக்கம் எங்கே வரும் என்றார் அவர். வெளியே ஒரே பனி, ஆள் இறங்க முடியவில்லை, அதோடு இந்த அவமானம் வேறு. பிறகு பழைய பாட்டு. விளிக்காத கல்யாணம். மறந்துபோன வாசல். பேச்சின் நடுவில் சட்டென்று தன் கழுத்தில் ஓர் அடி அடித்துக்கொண்டார். நெற்றியில் ஏதோ மினுங்கியது. இருமல் வருகிறது, வைக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பெமிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள். அஸ்வதி நாற்காலியை சாருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"லாஸ் ஏஞ்சல்ஸ்ல உங்களுக்கு வீல்சேர் வந்துதா சார்?"

அவர் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். வந்தது. யாருக்கோ வந்தது என்று நினைத்தால் தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஏறிக்கொண்டார், ஏனென்றால் வலி. ஈஸ்டருக்குப் பிறகு வலது முட்டு மடக்க முடியவில்லை. பென்ஷன்காரர் கூட்டம் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டுப் புதன்கிழமைதோறும் கொட்டாரத்தில் ஒரு வர்ம வைத்தியசாலைக்குப் போய் எண்ணெய் போட்டு உழிந்துவிட்டு வருகிறார்.

"முட்டு நோவுன்னு தெரிஞ்சிருந்தா பிள்ள பயணத்தையே நிறுத்திப்போட்டிருப்பா. நான் நேருல விளிக்காம என் மகளுக்குக் கல்யாணம் நடக்கப்படாது, கேட்டியளா. வைத்தியரத் தவிர ஒரு குஞ்சுக்குத் தெரியாது."

"டொராண்டோ எங்கன்னு அந்தக் கவுன்டர்ல நீங்க கேக்கல்லியா?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். "அவங்க இங்கிலீஷு வேகம். ஒண்ணும் விளங்கல்ல" என்றார்.

அஸ்வதி தலையாட்டிவிட்டு எழுந்தாள். முற்றத்துக்கு வந்ததும் பெனிஷ் மெதுவாகச் சொன்னான், சார் முப்பது வருடம் இங்கிலீஷ்தான் எடுத்தார், எனக்கே பிரம்பால்தான் டென்ஸ் சொல்லிக்கொடுத்தார் என்று. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

"ஏலே, இப்போ என்ன மாசம்?"

"ஆகஸ்ட்."

"ஆகஸ்ட்ல டொராண்டோவுல பனியா?"

"கனடாவுல பனி இல்லாத மாசமும் உண்டா அக்கா?"

"நீ இப்படிக் கேப்பேன்னு தெரிஞ்சுதான் அவரு ஸ்வெட்டர் போட்டாரு. அங்க இருக்கவன் அங்கத்த வெயிலுக்கு உடுப்புப் போடுவான். இவரு நம்ம மனசுல உள்ள கனடாவுக்கு உடுப்புப் போட்டிருக்காரு. நெத்தியில வேர்வ. கழுத்துல அடிச்சது கொசு."

பெனிஷ் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"இன்னொண்ணு கேக்கேன். விளிக்கல்லன்னு சொல்லிக் கல்யாணத்துக்கு வராம இருந்தா உங்க ஊருல குத்தம் சொல்லுவாவளா?"

"சொல்ல மாட்டாவ. அவரு பக்கம்தான் ஞாயம்னு சொல்லுவாவ."

"அப்போ கல்யாணத்துக்கு வர முடியாத ஒருத்தருக்கு எது வசதி?"

பெனிஷின் முகம் மெல்ல மாறியது. தன்னை விளிக்கவிடாமல் தானே வெட்டிக்கொண்டவர். சண்டை போட்டால் வராமல் இருக்கலாம். வராமல் இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

"ஆனா எங்க இருக்காருன்னு எப்படி அக்கா? நம்பரு கனடா நம்பரு."

"நம்பரு போன்ல கிடக்கும். ஆளு எங்கயும் கிடக்கலாம். சார் முட்டு நோவு ஆருக்கும் தெரியாது. வெட்டினவருக்குத் தெரிஞ்சிருக்கு, வீல்சேர் சொல்லியிருக்காரு. அப்போ சார் நொண்டுததை அவரு கண்ணால பாத்திருக்காரு. சார் எங்க நொண்டுவாரு? வீட்டுல நொண்ட மாட்டாரு." அவள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "சார், இன்னைக்குப் புதன்தானே. பென்ஷன்காரர் கூட்டத்துக்கு நாங்களே கொண்டு விடுதோம், வாங்க."

*

பின்சீட்டில் கல்யாண அட்டைக் கட்டு கிடந்த சாருடைய பழைய காரை பெனிஷ் ஓட்டினான். கொட்டாரத்தில் வைத்தியசாலை வாசலில் அவர் இறங்கி, யாரும் கையைப் பிடிக்க விடாமல் உள்ளே போனார். எண்ணெய் வாசனை தெருவரை வந்தது. எதிரே ஒரு டீக்கடை. அதன் மாடியில் வரிசையாக வாடகை அறைகள், வெளியூரிலிருந்து ரோடு வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்களுக்கு. அவற்றின் ஜன்னல்கள் நேராக வைத்தியசாலையைப் பார்த்திருந்தன.

கனடாவிலிருந்து யாராவது வந்து தங்கியிருக்கிறார்களா என்று கேட்கத்தான் பெனிஷ் முன்னால் போனான். அஸ்வதி அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கடைக்காரரிடம் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஊர்க்கதை பேசுவது போலக் கேட்டாள்.

"அண்ணாச்சி, மேல உள்ள ஆளுவள்ல புதன்கிழம மட்டும் கீழ வராத ஆளு ஆராவது உண்டா?"

டீ ஆற்றிய கை நின்றது. "சுந்தரண்ணனச் சொல்லுதியளா? மத்த நாளெல்லாம் இங்கதான் பேப்பர் படிப்பாரு. புதன் மட்டும் டீய மேல கொண்டு வரச் சொல்லுவாரு. நானும் ஏதோ விரதமாக்கும்னு நெனச்சேன்."

மாடி ஏறினார்கள். கடைசி அறையின் கதவு சாத்தியிருக்கவில்லை. உள்ளே கொடியில் அந்த ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது, அடியில் சொட்டிய ஈரம் இன்னும் தரையில் இருந்தது. ஜன்னலோரத்தில், சாரத்தோடும் பனியனோடும், வைத்தியசாலை வாசலைப் பார்த்தபடி ஒருவர் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்தவர் பெனிஷை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீதானே குழுவில படம் போட்ட பையன்?"

பெனிஷ் அந்த நொடியில் மாடியிலிருந்து குதித்துவிடக்கூடத் தயாராக இருந்தான். ஆமாம் என்றான். ஒளிக்க ஏதும் மிச்சமில்லை என்பதுபோல சுந்தர்சிங் கட்டிலில் இடம் காட்டி அவர்களை உட்காரச் சொன்னார். பிறகு கேட்காமலே பேசினார்.

டொராண்டோவில் வீடு என்று அவர் அனுப்பிய படமெல்லாம் வேலை பார்த்த வீடுகள். கடை வைத்தார், போயிற்று. தங்குவதற்கான காகிதம் வருடக்கணக்காக இல்லை. இந்த மார்ச்சில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாசலுக்கு வாசல் சொந்தக்காரர் இருக்கும் திங்கள்நகர்ப் பக்கம் போக முகமில்லாமல் இங்கே ஒதுங்கினார். ஒரு புதன்கிழமை ஜன்னலைத் திறந்தால் எதிரே அத்தான். கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படி ஏறுகிறார்.

"வராதியன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. சொல்லாம விட்டா அங்க போய் இறங்குவாரு. அந்தக் கால வச்சுக்கிட்டு அந்தப் பெரிய ஏர்போர்ட்டுல நின்னு ஆரைத் தேடுவாரு, சொல்லுங்க. அங்க நான் இல்லியே. அதான் வெட்டினேன்." கொடியில் இருந்த ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "பிள்ளைக்கிட்டக் கோவப்பட்டது வேசம். போன வச்சப்புறம் ஒவ்வொரு நாளும் சோறு இறங்கல்ல."

உன்னால் ஒரு மனிதர் ஊர் தெரியாத இடத்தில் தவிக்காமல் தப்பித்தார் என்று பெனிஷின் தோளைத் தட்டவும் செய்தார். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை. இன்னும் கொஞ்சம் கனத்தது.

மாடிப்படியில் காலடி கேட்டது. ஒரு படி, ஒரு நிறுத்தம், ஒரு படி. பெனிஷ் எழுந்து ஓடுவதற்குள் யேசுரத்தினம் சார் வாசலில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. காலில் எண்ணெய் இல்லை, உழிய உட்காரவேயில்லை. உள்ளே போனவர் திரும்பி வந்து வைத்தியசாலை வாசலிலிருந்து ஜன்னலைப் பார்த்திருக்கிறார்.

சுந்தர்சிங் எழுந்தார். எங்கே போவது என்று தெரியாமல் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நின்றார். பெமிலாவின் மாமா இவர். டொராண்டோவில் மாடமாளிகை கட்டியவர் இவர். சார் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பெனிஷ் ஓர் அடி விழும் என்றே எதிர்பார்த்தான்.

"அத்தான், வெட்டினது நான்தான்" என்றார் சுந்தர்சிங்.

"தெரியும்ல. இவங்க முகத்தப் பாத்தே தெரிஞ்சுது." சார் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். அஸ்வதியைப் பார்த்தார். "நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். அந்தக் கவுன்டர்ல இருந்த பிள்ளைக்க இங்கிலீஷு நல்லா விளங்கிச்சு. டொராண்டோவ ஆரோ எடுத்திருக்காவ, திருப்பிப் போட்டுத் தரட்டுமா, இடம் இருக்குன்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னிய?" என்றாள் அஸ்வதி. அவள் குரலில் ஆச்சரியம் இல்லை.

"வேண்டாம்னேன்."

சார் சுந்தர்சிங்கின் பக்கம் திரும்பினார். மூன்று வருடம் முன்பு சாரின் மனைவி இறந்தபோது, நான் வந்து அக்கா முகத்தைப் பார்க்கும்வரை உடலை வைத்திருங்கள் என்று சுந்தர்சிங் போனில் கெஞ்சியிருந்தார். சார் வைக்கவில்லை. மறுநாளே அடக்கம் செய்துவிட்டார்.

"ஐஸ் பெட்டியில அவளப் பாக்க எனக்கு முடியல்லடே. அதுதான் காரணம், வேற ஒண்ணுமில்ல. உன் முன்னால வந்து நிக்கணுமேன்னு மெல்பர்ன்ல இருந்தே நெஞ்சு அடிச்சுது. ஆரோ எடுத்துட்டான்னு அந்தப் பிள்ள சொன்னதும் கர்த்தரே எடுத்துட்டாருன்னு நெனச்சேன். பழிய மட்டும் வெட்டினவன் தலையில போட்டுட்டு வந்துட்டேன்."

சுந்தர்சிங் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்பவும் எனக்குக் காகிதம் கிடையாது அத்தான். வர முடியாதுன்னு தெரிஞ்சுதான் வைக்கச் சொன்னேன். தம்பி வரப் பாத்தான்னு நாலு பேரு சொல்லட்டும்னு. நீங்க அடக்கினதும் எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

இதைக் கேட்டபோதுதான் சாரின் கண் கலங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. இத்தனை நாள் தன்மேல் இருந்த ஒரு பெரிய சுமை வேறொருவருடையது என்று தெரியும்போது, அதை இறக்கி வைப்பதா, அவர் தோளில் ஏற்றுவதா என்று தெரியாமல் நிற்பவர்போல நின்றார்.

பெனிஷ்தான் பொறுக்காமல் சொன்னான், அப்படியானால் இப்போதே விளித்துவிட்டால் போதுமே, மாமா வந்துவிடுவார் என்று. சுந்தர்சிங் தலையை ஆட்டினார்.

"எங்க வச்சு மக்கா விளிப்பாரு? இது வீடா? மாசம் தீந்தா இறக்கிவிடுத அறை. குடிக்கக் குடுக்க இங்க ஒரு நல்ல டம்ளரு கிடையாது. வாசல்னு சொல்ல ஒண்ணு வேணுமில்லியா? நீங்க ஒரு ஆளத் தேடிக் கண்டுபிடிச்சு வந்திருக்கிய. அது விளி இல்ல. அது பிடிச்சது." அத்தானைப் பார்த்து, பிள்ளையிடம் மாமா இன்னும் கோபமாக இருக்கிறார் என்றே சொல்லிவிடுங்கள், அது அவளுக்கு நல்லது என்றார்.

சார் திரும்பி, நிலையைப் பிடித்தபடி வெளியே போனார். போகும்போது கதவை இழுத்துச் சாத்தினார். கதவு நிலையில் பொருந்தும் சத்தம் கேட்டது. பிறகு படியில் அந்தக் கால். ஒரு படி, ஒரு நிறுத்தம். இறங்கிப் போகிறார்.

சுந்தர்சிங் முகத்தை மூடிக்கொண்டார். பெனிஷ் அஸ்வதியைப் பார்த்தான். வியாழக்கிழமை சர்ச் நடையில் தனியாக நிற்கப்போகும் அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொல்வது, யாரை முன்னால் கொண்டு நிறுத்துவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு சாரின் பின்னால் போக எழுந்தான். அஸ்வதி அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கீழே தெருவில், பூட்டாமல் விட்ட காரின் கதவு திறந்து மூடியது. அதற்குப் பிறகு அந்தக் கால் மறுபடி படியேறியது. முன்பைவிட மெதுவாக. ஒவ்வொரு படிக்கும் ஓர் ஊன்றல், ஒரு மூச்சு. மேலே வந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம். உடுத்தியிருந்த வேட்டியை உதறிச் சரிசெய்யும் சத்தம்கூடக் கேட்டது.

பிறகு, எத்தனையோ வாசல்களில் நின்று கூப்பிட்டுப் பழகிய குரல், முதல் தடவையாக இந்த வாசலுக்கு வந்தவர்போல, மூடிய கதவுக்கு வெளியிலிருந்து கேட்டது.

"இங்க ஆளு உண்டா?"

சுந்தர்சிங் தலையை நிமிர்த்தினார். கதவைப் பார்த்தார். அவசரமாக எழுந்து ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டினார், பொத்தான் ஒன்று இடம் மாறிப் போயிற்று, அதைக் கவனிக்கவில்லை. கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார், நின்றார். வெளியே அவர் காத்து நின்றார். இன்னொரு தடவை கூப்பிடவில்லை. விளிக்கிறவர் ஒரு தடவைதான் கூப்பிடுவார்.

"உண்டு அத்தான்" என்றார் சுந்தர்சிங். "ஆளு உண்டு. ஏறி வாங்க."